கூடப்பிறந்தவங்களுக்கு மனநோய் வந்தா: அண்ணன் தங்கச்சிங்க, அக்கா தம்பிங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

எங்க அண்ணனுக்கு ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய்னு டாக்டர் சொன்னப்ப அவனுக்கு 20 வயசு, எனக்கு 16. இப்போ 19 வருஷம் ஆச்சு. இதப்பத்தி வெளிய பேச ஆரம்பிச்சதுல இருந்து யாராவது ஒருத்தர் தனியா வந்து மெதுவா "எங்க வீட்லயும்..."னு ஆரம்பிப்பாங்க. கேக்குறது பெரும்பாலும் அதே சந்தேகங்கதான். நோய் வந்தவங்களுக்கு டாக்டர் இருக்கார், பெத்தவங்கள உள்ள கூப்ட்டு பேசுறாங்க, கூடப்பிறந்தது வெளிய பைய மடியில வச்சுட்டு உக்காந்திருக்கும், அதுகிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்குறதில்ல. அதுக்காகத்தான் இத எழுதுறேன். கேள்வி எல்லாம் கேட்டவங்க சொன்ன மாதிரியே போட்டிருக்கேன். நான் டாக்டர் இல்ல, அதனால மருந்து டோஸ் பத்தி எல்லாம் இதுல இருக்காது.

தம்பி ஆளே மாறிட்டான். இது நோயா, இல்ல அந்த வயசு திமிரா? எப்படி தெரிஞ்சுக்கிறது?

மத்த பசங்களோட ஒப்பிடாதீங்க, அவனையே அவனோட ஒப்பிடுங்க. நல்லா படிச்சவன் புத்தகத்த தொடல, ஃப்ரெண்ட்ஸ் கூட சுத்துனவன் கதவ சாத்திட்டு உக்காந்திருக்கான், ராத்திரி தூக்கமே இல்ல, குளிக்கிறதில்ல, இது வாரக்கணக்குல போகுதுன்னா டாக்டர பாக்கணும். யாரோ தன்ன கவனிக்கிறாங்கன்னு சொல்றது, யாரும் இல்லாதப்ப பதில் பேசுறது, இதுல ஏதாவது ஒண்ணு இருந்தாலும் அடுத்த வாரம் பாக்கலாம்னு தள்ளிப்போடாதீங்க. ஸ்கிசோஃப்ரினியா ஆம்பளைங்களுக்கு பெரும்பாலும் பதின்ம வயசு கடைசியில இருந்து 25 வயசுக்குள்ள ஆரம்பிக்கும், பொம்பளைங்களுக்கு சில வருஷம் தள்ளி. சரியா அந்த வயசுல வர்றதாலதான் திமிரு, காதல் தோல்வி, கெட்ட சகவாசம்னு வீட்ல ஆளுக்கொரு காரணம் சொல்லிட்டு மாசங்கள விட்டுடுறோம்.

எங்க வீட்ல முதல்ல தெரிஞ்சது கடிகாரத்துலதான். ஹால்ல இருந்த சுவர் கடிகாரத்துல அண்ணன் பேட்டரிய கழட்டி வச்சுட்டான். ஏன்டான்னு அப்பா கேட்டதுக்கு "அது என் பேர சொல்லிட்டே இருக்கு"ன்னான். நாங்க எல்லாரும் சிரிச்சோம், ஏன்னா அவன் நல்லா காமெடி பண்றவன். நாலு மாசம் அந்த கடிகாரம் நாலு இருபதுலயே நின்னுச்சு.

எங்க அம்மா அப்பா வளர்த்த விதம் சரியில்ல, அதனாலதான் அக்காவுக்கு இப்படி ஆச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. உண்மையா?

இல்ல. இந்த பழி எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா உங்களுக்கே கோவம் வரும். 1948-ல ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன்னு ஒரு மனநல மருத்துவர், அன்பு காட்டாத, அடக்கி வைக்கிற அம்மாவால பிள்ளைக்கு ஸ்கிசோஃப்ரினியா வருதுங்கற மாதிரி எழுதினாங்க. அத வச்சு கிட்டத்தட்ட முப்பது வருஷம் நிறைய டாக்டருங்க அம்மாக்கள குத்தவாளி மாதிரி பாத்தாங்க. அப்புறம் ஆராய்ச்சியில அதுக்கு ஆதாரமே இல்லன்னு ஆகி மருத்துவத்துல கைவிட்டுட்டாங்க, ஆனா சொந்தக்காரங்க வாயில இருந்து இன்னும் போகல.

இப்ப தெரிஞ்ச வரைக்கும் இது பல காரணம் சேர்ந்து வர்றது. ஒண்ணு ரெண்டு இல்ல, நூத்துக்கணக்கான ஜீன்கள்ல இருக்குற சின்ன சின்ன வித்தியாசங்கள், பிறக்கறதுக்கு முன்னாடியும் பிறக்கும்போதும் மூளைக்கு வந்த பாதிப்பு, சின்ன வயசுல அனுபவிச்ச பெரிய கொடுமைகள், பதின்ம வயசுல அதிகமா கஞ்சா புடிக்கிறது, எல்லாமே அதுல வரும். அம்மா வேலைக்கு போனாங்க, அப்பா கண்டிச்சு வளர்த்தார்ங்கறது எல்லாம் காரணம் ஆகாது.

நான் சின்ன வயசுல அவன ரொம்ப கிண்டல் பண்ணேன், அடிச்சிருக்கேன். என்னாலயும் இருக்குமா?

கூடப்பிறந்தவங்க சண்டை போடாத வீடு எங்க இருக்கு? மேல சொன்ன பதில்ல அம்மாவுக்கு சொன்னதேதான் உங்களுக்கும். இந்த கேள்விய எங்கிட்ட கேட்டவங்கள்ல பாதிப்பேர் கேக்கும்போதே அழுதுட்டாங்க, அதனால தனியா எழுதுறேன்: உங்களால இல்ல. மனசு உறுத்துதுன்னா ஒருநாள் அவன்கிட்டயே மன்னிப்பு கேளுங்க, பல சமயம் அவனுக்கு அது ஞாபகமே இருக்காது.

எனக்கும் வருமா?

யாரும் முதல்ல கேக்க மாட்டாங்க, அரை மணி நேரம் வேற என்னென்னமோ பேசிட்டு கெளம்பும்போது கேப்பாங்க. நேரா சொல்றேன். ஸ்கிசோஃப்ரினியா பொதுவா 100 பேர்ல ஏறக்குறைய ஒருத்தருக்கு வாழ்நாள்ல வர வாய்ப்பு இருக்கு. கூடப்பிறந்தவங்களுக்கு இருந்தா அது 100-ல 9 பேர் அளவுக்கு போகும். அதாவது ஒன்பது மடங்குன்னு கேட்டா பயமா இருக்கும், அதையே திருப்பி பாத்தா 100-ல 91 பேருக்கு வராது. பைபோலார்னா (மனசு அளவுக்கு மீறின உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறி போற நோய்) அப்பா அம்மா கூடப்பிறந்தவங்களுக்கு இருந்தா 100-ல 5 முதல் 10 வரை சொல்றாங்க. டிப்ரஷன் இன்னும் பொதுவான நோய், குடும்பத்துல நெருங்கினவங்களுக்கு இருந்தா வாய்ப்பு ரெண்டு மூணு மடங்கு ஆகும்.

ஒரே மாதிரி இரட்டையர்கள எடுத்துக்குவோம், ரெண்டு பேருக்கும் ஜீன் ஒண்ணுதான். அதுல ஒருத்தருக்கு ஸ்கிசோஃப்ரினியா வந்தாலும் பாதிக்கும் மேல இன்னொருத்தருக்கு வர்றதில்ல. ரத்தத்துல இருக்கறது மட்டுமே எல்லாத்தையும் முடிவு பண்றதில்லன்னு இதுல இருந்தே தெரியுது.

ஆனா நம்பர் தெரிஞ்சா பயம் போயிடும்னு பொய் சொல்ல மாட்டேன். 20 வயசுல இருந்து நான் என்னையே உளவு பாத்துட்டு இருந்தேன். யாரோ கூப்ட்ட மாதிரி இருந்தா உடனே அம்மாகிட்ட ஓடிப்போய் "நீ கூப்ட்டியா?"ன்னு கேப்பேன், அம்மா ஆமான்னு சொன்னாதான் உயிர் வரும். முப்பது தாண்டினப்புறம்தான் அது நின்னுச்சு. பண்ண முடிஞ்சது என்னன்னா, கஞ்சா பக்கம் போகாம இருக்கறது, நமக்கு அது மத்தவங்கள விட ஆபத்து ஜாஸ்தி. தூக்கத்த கெடுத்துக்காம இருக்கறது. ஏதாவது வித்தியாசமா தோணுனா மறைக்காம சீக்கிரமே டாக்டர பாக்கறது.

நாள் முழுக்க படுத்தே கெடக்கான். நோய் பாதி, சோம்பேறித்தனம் பாதின்னு அப்பா சொல்றார். எனக்கும் அப்படித்தான் தோணுது.

எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. குரல் கேக்குறது, சந்தேகப்படுறது எல்லாம் கண்ணுக்கு தெரியுற பாதி. இன்னொரு பாதி சத்தமே போடாது: எதையும் ஆரம்பிக்க முடியாது, முகத்துல உணர்ச்சி வராது, பேச்சு ரெண்டு வார்த்தைக்கு மேல போகாது, பிடிச்ச விஷயத்துல கூட ருசி இருக்காது. இத நெகட்டிவ் அறிகுறிகள்னு சொல்லுவாங்க, இப்ப இருக்குற மருந்துங்க முதல் பாதிய அடக்குற அளவுக்கு இத அடக்குறதில்ல. சில மருந்து தூக்கத்தையும் சேர்த்து குடுக்கும். டிப்ரஷன்லயும் இதே மாதிரி எந்திரிக்கவே முடியாத நிலை வரும்.

"எந்திரி, உருப்படியா ஏதாவது பண்ணு"ன்னு சொல்றத விட "வா, நான் துணி மடிக்கிறேன், நீ உன் சட்டைய மட்டும் மடி"ன்னு சின்னதா ஒண்ணு குடுத்து கூட உக்காருறது வேலை செய்யும். தினமும் செய்யாது, சில நாள் செய்யும்.

வீட்ல எல்லாருக்கும் அவ ஒருத்திதான் கவலை. நான் இருக்கறதே யாருக்கும் தெரியல. இப்படி நினைக்கிறது தப்பா?

தப்பே இல்ல. எங்க அண்ணன் ஹாஸ்பிடல்ல இருந்தப்ப என் ரிசல்ட் வந்துச்சு. ஸ்கூல்ல நான்தான் முதல். ஓடி வந்து அம்மாகிட்ட நீட்டுனேன், அம்மா ஃபோன் காதுல இருக்கும்போதே "சரிம்மா, அங்க வை"ன்னாங்க. மேஜை மேல வச்சேன். அடுத்த நாள் அது மேல மருந்து சீட்டு இருந்துச்சு. அம்மா மேல இப்ப எனக்கு ஒரு துளி வருத்தம் கிடையாது, அன்னைக்கு அவங்களால அவ்வளவுதான் முடிஞ்சிருக்கும். ஆனா அந்த 16 வயசு பொண்ணுக்கு அது வலிச்சுது, அதுவும் உண்மை.

பல வீட்ல ரெண்டாவது பிள்ளை தானாவே "நல்ல பிள்ளை" ஆயிடும். காய்ச்சல் வந்தாலும் சொல்லாது, செலவு வைக்காது, அழாது, ஏற்கனவே இருக்கறதே போதும் நம்மளும் தொந்தரவு குடுக்கக்கூடாதுன்னு. பெரியவங்க அத பாத்து "இவளாவது நல்லா இருக்காளே"ன்னு நிம்மதி ஆயிடுவாங்க. வெளிய வர்றதுக்கு ஒரு வழிதான் எனக்கு தெரியும், வாய திறந்து கேக்கணும், அதுவும் குறிப்பா கேக்கணும். "என்ன யாரும் கண்டுக்கறதில்ல"ன்னு சொன்னா அம்மா நொறுங்கிடுவாங்க. "ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் என்கூட மட்டும் வாக்கிங் வாங்க, அண்ணன் பேச்சு வேண்டாம்"னு சொன்னா வருவாங்க. எங்க அம்மா வந்தாங்க.

அவ மேல கோவமா வருது, அப்புறம் அழுகையா வருது. ஆள் உயிரோட இருக்கும்போதே இழந்துட்ட மாதிரி இருக்கு. நான் கெட்டவளா?

நீங்க அனுபவிக்கிறதுக்கு பேரே இருக்கு. பாலின் பாஸ்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் 1970-கள்ல, வியட்நாம் போர்ல காணாம போன விமானிகளோட குடும்பங்கள ஆராய்ச்சி பண்ணாங்க. இறந்தாரா இருக்காரான்னே தெரியாம தவிக்கிற அந்த துக்கத்த தெளிவில்லாத இழப்புன்னு சொன்னாங்க. அதுல ரெண்டு விதம். ஆள் இல்ல, மனசுல இருக்கார். ஆள் எதிர்லயே இருக்கார், ஆனா நமக்கு தெரிஞ்ச அந்த ஆள் இல்ல. நமக்கு ரெண்டாவது. துக்கம் கேக்க யாரும் வர மாட்டாங்க, எதுவும் முடியவும் முடியாது, அதனாலதான் கோவமும் அழுகையும் மாறி மாறி வருது.

நோய் மேல வர்ற கோவத்த ஆள் மேல இறக்காம இருக்கறது கஷ்டம்தான், சில நாள் இறக்கிடுவோம். நானும் கத்தியிருக்கேன். கத்தினதுக்கு அப்புறம் போய் "மன்னிச்சிடுண்ணா, உன்மேல இல்ல"ன்னு சொல்லியிருக்கேன். அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான், கொஞ்ச நேரம் கழிச்சு வந்து பக்கத்துல உக்காருவான்.

"எனக்கு ஒண்ணுமில்ல, நான் ஏன் மாத்திரை போடணும்"ங்கறான். எவ்வளவு சொன்னாலும் புரிய மாட்டேங்குது. என்ன பண்றது?

இது பிடிவாதமா இருக்கணும்னு இல்ல. ஸ்கிசோஃப்ரினியா, பைபோலார் இருக்குற நிறைய பேருக்கு தனக்கு நோய் இருக்குங்கறதே மூளைக்கு தெரியாது. பக்கவாதம் வந்த சிலருக்கு ஒரு கை அசையாது, ஆனா "கை நல்லாத்தான் இருக்கு"ன்னு சாதிப்பாங்க, அது பொய் இல்ல. அதே மாதிரிதான் இதுவும். பேர் அனோசோக்னோசியா. இது தெரிஞ்ச அன்னைக்கு எங்க வீட்ல பாதி சண்டை நின்னு போச்சு.

சேவியர் அமடோர்னு ஒரு உளவியலாளர், அவரோட அண்ணனுக்கும் ஸ்கிசோஃப்ரினியா. பல வருஷம் அண்ணன்கிட்ட வாதாடி தோத்தப்புறம் அவர் சொல்ற வழி, முதல்ல கேளு, அவன் இடத்துல இருந்து புரிஞ்சுக்கோ, ரெண்டு பேருக்கும் ஒத்துப்போற ஒண்ண கண்டுபிடி, அத வச்சு சேர்ந்து போ. நோயே இல்லங்கறவனுக்கு "உனக்கு நோய் இருக்கு"ன்னு சொல்லி ஜெயிக்க முடியாது, ஆனா "தூக்கம் வரலல்ல, அதுக்கு டாக்டர்கிட்ட கேப்போமா?"ங்கறதுக்கு அவன் ஆமான்னு சொல்லுவான். எங்க அண்ணன் மாத்திரைக்கு ஒத்துக்கிட்டதே தூக்கத்துக்காகத்தான்.

இன்னொன்னு, ஏன் வேண்டாங்கறான்னு உண்மையாவே கேளுங்க. உடம்பு கனக்குது, எடை ஏறுது, கை நடுங்குது, ஒரு இடத்துல உக்கார முடியல, உடலுறவுல சிக்கல்னு பக்க விளைவு இருக்கும், இத அம்மா அப்பாகிட்ட சொல்ல மாட்டான், நம்மகிட்ட சொல்லுவான். டாக்டர்கிட்ட சொன்னா மருந்த மாத்தலாம். தினமும் மாத்திரை போடுறதுதான் பிரச்சினைன்னா மாசத்துக்கு ஒரு தடவ மாதிரி போடுற ஊசிகளும் இருக்கு.

அவனுக்கு தெரியாம சாப்பாட்டுல கலந்து குடுத்தா என்ன?

ஏன் இப்படி தோணுதுன்னு எனக்கு நல்லா தெரியும், ராத்திரி மூணு மணிக்கு எங்க அம்மாவுக்கும் தோணியிருக்கு. ஆனா வேண்டாம். ஏற்கனவே யாரோ விஷம் வைக்கிறாங்கன்னு பயப்படுற ஒருத்தனுக்கு ஒருநாள் இது தெரிஞ்சா அவன் பயந்தது சரின்னு நாமளே நிரூபிச்ச மாதிரி ஆயிடும், அதுக்கப்புறம் வீட்ல சாப்பாட்டையே தொட மாட்டான். பக்க விளைவு வந்தா எதனாலன்னு அவனுக்கு தெரியாது. லித்தியம், குளோசபின் மாதிரி மருந்துக்கு ரத்த டெஸ்ட் கண்டிப்பா வேணும், ரகசியமா குடுத்தா அத எப்படி எடுக்கறது? நிலைமை கைமீறுதுன்னா அத அப்படியே டாக்டர்கிட்ட சொல்லி அட்மிட் பண்றதப்பத்தி பேசுங்க.

ஆறு மாசமா நல்லா இருக்கா. இன்னும் மாத்திரை எதுக்கு?

நல்லா இருக்கறதே மாத்திரையாலயா இருக்கலாம். முதல் தடவ நோய் வந்து குணமானவங்கள தொடர்ந்து பாத்த ஒரு ஆய்வுல, மருந்த நிறுத்தினவங்களுக்கு திரும்ப வர்ற அபாயம் ஏறக்குறைய அஞ்சு மடங்கு இருந்துச்சு. பைபோலாருக்கு குடுக்குற லித்தியத்த திடீர்னு நிறுத்தினா மேனியா, அதாவது அந்த அளவுக்கு மீறின உற்சாக நிலை, பழையத விட வேகமா திரும்பலாம். எப்பவாவது குறைக்க முடியும்னா அத டாக்டர்தான் படிப்படியா பண்ணணும்.

திரும்ப வர்றதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தருக்கும் ஒரு அடையாளம் இருக்கும், அத கூடப்பிறந்தவங்கதான் முதல்ல கண்டுபிடிப்பாங்க. எங்க அண்ணன் ஒரே சட்டைய மூணு நாள் போடுவான், ராத்திரி மாடிப்படியில ஏறி இறங்குற சத்தம் கேக்கும். படுத்துட்டே படி எண்ணுவேன். நாப்பது தாண்டுச்சுன்னா காலைல டாக்டருக்கு ஃபோன். நல்லா இருக்கும்போதே அவங்களையும் உக்கார வச்சு இந்த அடையாளங்கள எழுதி வச்சுக்குங்க.

"பக்கத்து வீட்டுக்காரன் என் ஃபோன ஒட்டுக்கேக்குறான்"ங்கறா. ஆமாம்னு சொல்லணுமா, இல்லன்னு சொல்லணுமா?

ரெண்டும் வேண்டாம். இல்லன்னு வாதாடினா நீங்களும் அந்த கூட்டத்துல சேர்ந்துடுவீங்க, ஆமாம்னு சொன்னா பயம் கூடும். அவ பயம் நிஜம், அதுக்கு பதில் சொல்லுங்க: "எனக்கு அப்படி எதுவும் தெரியலடி, ஆனா உனக்கு எவ்வளவு பயமா இருக்கும்னு புரியுது, நான் இங்கயே இருக்கேன்." அவ்வளவுதான், அதுக்கு மேல ஆதாரம் காட்ட வேண்டாம்.

வளர்ப்புனால நோய் வரலன்னு மேல சொன்னீங்க. அப்ப நாங்க வீட்ல பேசுற விதம் அவள பாதிக்காதா?

நல்ல கேள்வி. நோய கொண்டு வர்றது வேற, வந்த நோய் திரும்ப திரும்ப வர்றது வேற. ஆஸ்துமா வந்ததுக்கு வீட்டுக்காரங்க காரணம் இல்ல, ஆனா வீட்ல புகை இருந்தா மூச்சு திணறும்ல, அந்த மாதிரி. 1976-ல லண்டன்ல கிறிஸ்டின் வான், ஜூலியன் லெஃப் ரெண்டு பேரும் ஹாஸ்பிடல்ல இருந்து வீட்டுக்கு போனவங்கள பாத்தாங்க. ஓயாம குத்தம் சொல்றது, வெறுப்பு காட்டுறது, இல்லன்னா அளவுக்கு மீறி தாங்கி எல்லாத்தையும் தானே பண்றது, இந்த மூணுல ஏதாவது ஒண்ணு அதிகமா இருந்த வீடுகள்ல ஒன்பது மாசத்துல பாதிப்பேருக்கு நோய் திரும்புச்சு, மத்த வீடுகள்ல அதவிட ரொம்ப கம்மி. அதிகமா தாங்குறதும் அந்த லிஸ்ட்ல இருக்கு பாருங்க, அதுதான் எங்க அம்மாவ யோசிக்க வச்சுது.

இதுக்கு முன்னாடியே 1958-ல ஜார்ஜ் பிரவுன் குழு ஒரு விஷயத்த கவனிச்சாங்க. ஹாஸ்பிடல்ல இருந்து அம்மா அப்பாகிட்டயோ மனைவிகிட்டயோ திரும்பிப் போன ஆம்பளைங்கள விட, கூடப்பிறந்தவங்க வீட்டுக்கோ வாடகை ரூமுக்கோ போனவங்க நல்லா தாக்குப்பிடிச்சாங்க. இத படிச்சப்ப நான் ரொம்ப நேரம் அந்த பக்கத்தையே பாத்துட்டு இருந்தேன். கூடப்பிறந்தவங்ககிட்ட ஏதோ ஒரு சரியான தூரம் இருக்கு, பக்கத்துலயும் இருப்போம், கழுத்த நெரிக்கவும் மாட்டோம். அத நம்ம விட்டுடக்கூடாதுன்னு தோணுது, ரெண்டாவது அம்மாவா மாறி அந்த தூரத்த அழிச்சிடக்கூடாது.

செத்துடுறேன்னு சொல்றா. அதப்பத்தி கேட்டா நாமளே தூண்டி விட்ட மாதிரி ஆகாதா?

ஆகாது. கேக்குறதால அந்த எண்ணம் புதுசா வராது, கேட்டா நிறைய பேருக்கு பாரம் இறங்கும். நேராவே கேளுங்க, "சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா?" வழியும் நேரமும் யோசிச்சு வச்சிருந்தா தனியா விடாதீங்க, அன்னைக்கே எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போங்க. மாத்திரை, பூச்சி மருந்து, கத்தி, எல்லாத்தையும் பூட்டி வைங்க. பெரும்பாலும் அந்த உச்சகட்ட நேரம் ரொம்ப நேரம் நீடிக்காது, கைக்கு எட்டாம இருந்தாலே நிறைய உயிர் தப்பும்.

"யார்கிட்டயும் சொல்லாத, சத்தியம் பண்ணு"ம்பாங்க. கூடப்பிறந்தவங்ககிட்டதான் இந்த சத்தியத்த கேப்பாங்க. இந்த ஒரு சத்தியத்த மட்டும் மீறுங்க.

அவன பாத்தாலே பயமா இருக்கு. போன வாரம் அடிச்சிட்டான். மனநோய் வந்தவங்க வன்முறை பண்ண மாட்டாங்கன்னு சொல்றாங்க, அப்ப இது என்ன?

மனநோய் இருக்குற பெரும்பாலானவங்க யாரையும் அடிக்கிறதில்ல, அவங்கதான் அதிகமா அடி வாங்குறாங்க, அது உண்மை. சிகிச்சை இல்லாம நோய் முத்தும்போதும் கூட குடியோ போதையோ சேரும்போதும் சிலர் அடிக்கிறதும் உண்மை, அப்ப அடிபடுறது பெரும்பாலும் வீட்ல இருக்கவங்கதான். முதல் உண்மைய காப்பாத்துறதுக்காக ரெண்டாவத மூடி மறைக்காதீங்க. கோவம் ஏறும்போது குரல இறக்குங்க, வழிய மறிச்சு நிக்காதீங்க, கதவுக்கு பக்கமா நில்லுங்க, முடியலன்னா வெளிய போயிடுங்க. யாருக்கு ஃபோன் பண்றதுன்னு முன்னாடியே முடிவு பண்ணி வைங்க. நடந்தத டாக்டர்கிட்ட தேதியோட சொல்லுங்க. பயத்தோட ஒரே ரூம்ல படுக்குறது பாசத்துக்கு அளவுகோல் கிடையாது.

டாக்டர் எங்ககிட்ட எதுவும் சொல்ல மாட்டேங்குறார். "அவரோட தனிப்பட்ட விஷயம்"ங்கறார்.

சொல்றதுக்குத்தான் அவருக்கு கட்டுப்பாடு, நாம சொல்றத கேக்குறதுக்கு இல்ல. ஒரு பக்கத்துக்குள்ள எழுதி குடுங்க: எத்தன நாளா தூங்கல, என்ன சொன்னான், எந்த மாத்திரை விட்டுப்போச்சு. அண்ணன் நல்லா இருக்கும்போது "நான் டாக்டர்கிட்ட பேசலாமா?"ன்னு அவன்கிட்டயே சம்மதம் வாங்கி வைக்கிறது இன்னும் நல்லது.

கடைசி தங்கச்சிக்கு எட்டு வயசு. அவகிட்ட என்ன சொல்றது?

உண்மைய, சின்னதா. "அண்ணனோட மூளைக்கு உடம்பு சரியில்ல, அதனால இல்லாத சத்தம் எல்லாம் அவனுக்கு கேக்குது, டாக்டர் மருந்து குடுக்குறார். உன்னால வரல. ஒட்டிக்காது. பயமா இருந்தா எங்கிட்ட ஓடி வா." சொல்லாம விட்டா குழந்தைங்க தானா ஒரு கதை கட்டிக்கும், அந்த கதையில தப்பு பண்ணது பெரும்பாலும் அதுங்களாத்தான் இருக்கும்.

கல்யாணம் பண்ணிக்கப்போற ஆள்கிட்ட சொல்லணுமா?

சொல்லணும்ங்கறது என் கருத்து, வேற மாதிரி நினைக்கிறவங்களையும் எனக்கு தெரியும். வாழ்க்கை பூரா ஒளிச்சு வைக்க முடியாது, ராத்திரி ஒரு ஃபோன் வந்தா ஓடணும். முதல் நாளே சொல்ல வேண்டாம், முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி சொல்லிடணும். உங்களுக்கு இருக்குற வாய்ப்பு பத்தி கேட்டா நாலாவது கேள்வியில இருக்குற நம்பர சொல்லுங்க. அண்ணனோட அந்தரங்கமான விவரங்கள எல்லாம் சொல்லணும்னு இல்ல, அது அவன் கதை. நான் சொன்னப்ப ஒருத்தர் போயிட்டார். அடுத்து வந்தவர் "உங்கண்ணனுக்கு என்ன பிடிக்கும்?"னு கேட்டார். அவரத்தான் கட்டிக்கிட்டேன்.

அம்மா அப்பாவுக்கு அப்புறம் நான்தான் பாத்துக்கணுமா? இத யோசிச்சா தூக்கமே வர மாட்டேங்குது. வேற ஊர்ல வேலை கிடைச்சும் போகல.

இந்த கேள்விக்குத்தான் நிறைய பேர் வாழ்க்கையையே அடமானம் வைக்கிறாங்க, வெளிய சொல்லாம. அம்மா அப்பாவும் பேச மாட்டாங்க, நாமளும் பேச மாட்டோம், எல்லாருக்கும் மனசுல "அவ பாத்துக்குவா"ன்னு ஒரு தீர்ப்பு எழுதி இருக்கும். அத வெளிய எடுத்து மேஜை மேல போடுங்க, அவங்க தெம்பா இருக்கும்போதே. எந்த மருந்து, எந்த டாக்டர், பணம் எங்க இருக்கு, அவன் எங்க இருக்க ஆசைப்படுறான்னு. அவன் இல்லாம அந்த பேச்ச பேசாதீங்க, அது அவன் வாழ்க்கை. எங்க வீட்ல நாங்க பேசினப்ப அண்ணன் சொன்ன முதல் வார்த்தை "நான் உங்கூட இருக்க மாட்டேன், நீ ஓவரா கேள்வி கேப்ப"ங்கறதுதான். பதினஞ்சு வருஷமா நான் அவனுக்காக ஒரு ரூம மனசுல கட்டி வச்சிருந்தேன், அவனுக்கு அது வேண்டவே வேண்டாம்.

பாத்துக்கறதுன்னா ஒரே வீட்ல வச்சுக்கறது மட்டும் இல்ல. தனியா ஒரு ரூம் எடுத்து குடுத்துட்டு வாரம் ரெண்டு தடவ போறதும் பாத்துக்கறதுதான், டாக்டர்கிட்ட கூட போறதும், பணக்கணக்கு பாக்கறதும் அதுதான். எது உங்களால பத்து வருஷம் தொடர்ந்து முடியுமோ அதுக்கு ஒத்துக்குங்க. வேற ஊருக்கு போறது ஓடிப்போறது ஆகாது, நானும் 24 வயசுல போனேன். போன முதல் மாசம்தான் அண்ணன் மேல எனக்கு பழைய பாசம் திரும்ப வந்துச்சு, ஏன்னா ஃபோன்ல "மாத்திரை போட்டியா?"ன்னு கேக்க அம்மா இருந்தாங்க, நான் "என்ன பண்ற?"ன்னு மட்டும் கேக்க முடிஞ்சுது. உங்களுக்கே மூச்சு முட்டுச்சுன்னா, தூக்கம் போய் எதுலயும் மனசு ஒட்டலன்னா, நீங்களும் போய் ஒரு டாக்டரையோ கவுன்சிலரையோ பாருங்க, இன்னொருத்தருக்காக இல்ல, உங்களுக்காக.

அவன் பழைய மாதிரி ஆயிடுவானா?

சிலர் ஆவாங்க. ஸ்கிசோஃப்ரினியா இருக்கவங்கள்ல குறைஞ்சது மூணுல ஒருத்தர் முழுசா குணமாக முடியும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நிறைய பேர் நோயோட கூடவே வேலை, குடும்பம்னு வாழுறாங்க. சிலருக்கு அடிக்கடி திரும்ப வரும். சீக்கிரம் சிகிச்சை ஆரம்பிச்சவங்களுக்கு வாய்ப்பு அதிகம், ஆனா உங்க தம்பி எதுலன்னு முதல் வருஷத்துல யாராலயும் சொல்ல முடியாது.

எங்க அண்ணன் பழைய மாதிரி ஆகல. நோய்க்கு முன்னாடி அவன் செஸ்ல என்ன பத்து நிமிஷத்துல மடக்கிடுவான். இப்ப கவனம் அவ்வளவு நேரம் நிக்காது. அதனால ஒரு ஆட்டத்த நாலு அஞ்சு நாளா ஆடுறோம், நான் போயிருக்குறப்ப போர்ட் அவன் ரூம் ஜன்னல் பக்கத்துலயே விரிச்சபடி இருக்கும், யாரும் தொடக்கூடாது. ஒரு காய நகத்திட்டு போய் படுத்துப்பான், சாயங்காலம் வந்து அடுத்தது. முதல் வருஷங்கள்ல எனக்கு அத பாக்கவே முடியாது, பழைய அண்ணன்தான் கண்ணுல நிப்பான். இப்ப நான் ஊருக்கு திரும்பிட்டாலும் ஆட்டம் நிக்குறதில்ல, காய் எங்க இருக்குன்னு ஃபோன்ல சொல்லுவோம். இப்ப ஓடிட்டு இருக்குற ஆட்டத்துல என் குதிரை ரெண்டும் போயிடுச்சு. அடுத்த காய் அவன் நகத்தணும்.